கோடு போடுபவரைக் கேட்டுவிட்டு வரைபடம் போடுங்கள்

ஊர் மைதானங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் உள்ளாட்சி மன்றத்தாருக்கும், விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்கும், திட்டம் வரையும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு கோப்பு இருக்கும். பரப்பளவு எவ்வளவு, சுற்றுச்சுவர் எவ்வளவு நீளம், விளக்குக் கம்பங்கள் எத்தனை, கடைசியாக எப்போது மண் அடித்தார்கள் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த மைதானத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை எழுத மட்டும் அதில் ஒரு பக்கம்கூட ஒதுக்கியிருக்க மாட்டீர்கள். காலையில் கேட்டைத் திறப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குக் கோடு போடுபவர் யார், பத்து வயதுப் பிள்ளைகளை மாலையில் வரிசையில் நிறுத்தி ஓடவைப்பவர் யார் என்று கேட்டால் கோப்பு வாய் திறக்காது. விடுபட்டுப்போன அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பராமரிப்பு இல்லாமல் பாழாய்ப்போன மைதானங்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே நிறைய மனுக்கள் வந்திருக்கும். என் கவலை வேறு. நல்ல எண்ணத்தோடு, போதுமான நிதியோடு, முறையாக டெண்டர் விட்டு மேம்படுத்தப்பட்ட மைதானங்களும் செத்துப்போகின்றன. புல் பச்சையாக இருக்கும், வேலி புதிதாக இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. பாழாய்ப்போனதையாவது படம் பிடித்துப் போடலாம். இதை எப்படிப் படம் பிடிப்பது?

முதலில் அந்த ஆட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கால்பந்து மைதானத்துக்குக் கோடு போடுவது தள்ளி நின்று பார்ப்பவருக்குச் சுலபமான வேலைதான். மூலை கொஞ்சம் பிசகினால் மறுமுனைக்குப் போகும்போது மைதானமே கோணலாகிவிடும். அதற்காகக் கிரவுண்ட்ஸ்மேன் ஒரு கயிற்றில் 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என்று அளந்து முக்கோணமாக இழுத்துக் கட்டுவார். மூலை கச்சிதமான செங்கோணமாக வந்துவிடும். பிதாகரஸ் பெயரைக் கேள்விப்படாதவர்களும் இதைச் செய்கிறார்கள். நடுவில் ஒரு முளையடித்து 9.15 மீட்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தால் நடுவட்டம் தயார். பளிச்சென்று தெரிகிறதே என்று வீரியமான சுண்ணாம்பைத் தூவினால், ஈரம் பட்டதும் அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். அது வேண்டாம், சாக் பொடி கொடுங்கள், இல்லையென்றால் பெயின்ட் கொடுங்கள் என்று நச்சரிப்பவரும் அவர்தான். தூக்கி நகர்த்தக்கூடிய கோல் கம்பத்தைத் தரையில் சரியாக ஊன்றிக் கட்டாவிட்டால் பிள்ளைகள் தொங்கி விளையாடும்போது அது மேலே கவிழும். உலகில் பல இடங்களில் அப்படி உயிர் போயிருக்கிறது. சாயங்காலம் கிளம்பும் முன் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கத்தை எந்த விதிப்புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

கிரிக்கெட் பிட்ச் இன்னும் நுணுக்கம். ரோலரை எப்போது ஓட்டுவது என்பதில்தான் பாதி வித்தை. ஈரம் தூக்கலாக இருக்கும்போது ஓட்டினால் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு எழும்பிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் மண் இறுகாது. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம்தான் கிடைக்கும். அது எப்போது என்பது வெயிலைப் பொறுத்தது, காற்றைப் பொறுத்தது, அந்த மண்ணில் எவ்வளவு களி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டைவிரலை அழுத்திப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்கும் ஒருவரைத் தினக்கூலி என்ற தலைப்பின் கீழ் போட்டுவைத்திருக்கிறோம். ஒப்பந்ததாரர் மாறினால் அவரும் மாறிவிடுவார். அந்த மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் மற்றவர்கள். நோட்டுப் புத்தகத்தில் ஸ்கோர் எழுதும் பையன். இரண்டு டீமும் திட்டுவார்கள் என்று தெரிந்தே அம்பயராக நிற்பவர். மகளின் பயிற்சி முடியும்வரை படிக்கட்டில் காத்திருந்து, போகப்போக ஆட்டத்தின் விதிகளை எல்லாம் கற்றுக்கொண்ட அம்மா. சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லும் பெரியவர். அவர் ஆடிய காலத்தில் எல்லாமே நன்றாக இருந்ததாம். இவர்களில் யாரும் உங்கள் ஊழியர்கள் இல்லை. ஆனால் யாருக்கு அடிபட்டாலும் முதலில் ஓடுவது இவர்கள்தான். புதிதாக வந்து ஓரமாக நிற்கும் பிள்ளையை, நீயும் வா என்று ஆட்டத்துக்குள் இழுப்பதும் இவர்கள்தான்.

பெரிய பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று தோண்டினால் பெரும்பாலும் இப்படி ஒரு மனிதரிடம்தான் போய் முட்டும். மும்பையின் சிவாஜி பார்க்கில் பயிற்சி கொடுத்த ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடியது ஒரே ஒரு முதல்தர ஆட்டம். ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். பந்து வீசுபவர் அவுட் ஆக்கினால் நாணயம் அவருக்கு, கடைசிவரை நின்றால் ஆடுபவருக்கு. சச்சின் டெண்டுல்கரிடம் அப்படி ஜெயித்த 13 நாணயங்கள் இருக்கின்றன. அச்ரேக்கர் தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து மைதானம் மைதானமாகக் கூட்டிப்போய் ஆடவைத்ததை, 2013-இல் விடைபெறும்போது பேசிய பேச்சிலும் சச்சின் மறக்காமல் சொன்னார். சிவாஜி பார்க் ஒன்றும் ரகசிய இடமில்லை, 1925-இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் திடல். அதே திடலில் எத்தனையோ பேர் ஆடினார்கள். இந்த மனிதர் தினமும் வந்தார் என்பதுதான் அங்கே ஆடிய பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் வசதி.

கென்யாவின் இட்டென் ஊருக்கு 1976-இல் ஒரு புவியியல் ஆசிரியர் வந்தார். அயர்லாந்துக்காரர், கிறிஸ்தவத் துறவி, பெயர் கோல்ம் ஓகானல். தடகளம் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவர், சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். அவர் கையில் வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

இவர்கள் எல்லாம் வெளியாட்கள், நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். ஹோல்கோம்ப் ரக்கர் உங்கள் தரப்பு ஆள்தான். நியூயார்க் மாநகரப் பூங்காத் துறையின் சம்பளப் பட்டியலில் இருந்தவர். ஹார்லெமில் விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. 1950-இல் அங்கே ஒரு கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கினார். பந்தைப் பற்றிப் பேசும் முன் பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண் அட்டையைக் கேட்பார் என்று அவரிடம் ஆடியவர்கள் சொல்வார்கள். 1965-இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். 1974-இல் ஹார்லெமின் ஒரு கூடைப்பந்துத் திடலுக்கு மாநகரம் அவர் பெயரையே வைத்தது. உங்கள் துறையிலும் அப்படி ஒருவர் இப்போது எங்காவது ஒரு திடலில் கடைநிலை ஊழியராக இருக்கலாம். அவரைப் பதவி உயர்வு என்று சொல்லி மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்துவிடாதீர்கள்.

சரி, மேம்பாட்டுக்கு வருவோம். இட்டெனையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கமரினி என்று ஒரு மண் ஓடுபாதை இருந்தது. உலக சாம்பியன்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே புழுதியில் ஓடிய இடம். நவீனச் செயற்கை ஓடுபாதை போடுகிறோம் என்று 2010-களின் பிற்பகுதியில் அதைத் தோண்டிப் போட்டார்கள். வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று ஆனது. அங்கே ஓடிக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள்.

வேலை குறித்த நேரத்தில் முடிந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. உங்கள் திட்ட அறிக்கையில் இரண்டு ஆண்டு என்பது ஒரு வரி. மைதானத்தில் 13 வயதில் ஆடிக்கொண்டிருந்த பெண் அந்த இரண்டு ஆண்டில் 15 ஆகிவிடுவாள். அதற்குள் படிப்பு, டியூஷன், வீட்டில் கட்டுப்பாடு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். திரும்பி வர மாட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அண்ணன்மார் வேலைக்குப் போயிருப்பார்கள். கோச் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மைதானம் திறக்கும் நாளில் ரிப்பன் வெட்ட ஆள் இருக்கும், மறுநாள் காலை ஐந்தரைக்கு யார் வருவார்கள்? கலைந்துபோன கூட்டத்தை மறுபடி சேர்ப்பதற்கு உங்கள் மதிப்பீட்டில் ஒரு தலைப்பும் கிடையாது.

பிறகு பூட்டும் முன்பதிவும். செயற்கைப் புல் போட்டாயிற்று, அதற்குப் பராமரிப்புச் செலவு உண்டு, ஆகவே மணிக்கணக்கில் வாடகை, ஆகவே செயலியில் முன்பதிவு, ஆகவே மற்ற நேரத்தில் பூட்டு. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. கடைசியில் பார்த்தால், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று சும்மா போய் நிற்கக்கூடிய இடமாக அது இருக்காது. ஊர் மைதானத்தில் நட்பு என்பதே அப்படிச் சும்மா போய் நிற்பதில்தான் தொடங்குகிறது. பத்துப் பேரை முன்கூட்டியே சேர்த்து, பணம் வசூலித்து, நேரம் குறித்து வரக்கூடியவர்களுக்கு ஏற்கெனவே நண்பர்கள் இருக்கிறார்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு சம்பவம். இங்கிலாந்தில் 2004-இல் ஒரு பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது பார்க்ரன். சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர், யாரும் வரலாம், காசு கிடையாது, நேரம் குறிப்பது முதல் வழிகாட்டுவது வரை எல்லாம் தன்னார்வலர்கள். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஸ்டோக் கிஃபோர்ட் ஊர்மன்றம் 2016-இல், எங்கள் பூங்காவின் பாதை தேய்கிறது, செலவில் பங்கு தாருங்கள் என்று கேட்பதென 6-க்கு 4 என்ற வாக்கில் முடிவெடுத்தது. அந்த மன்றத்தைத் திட்டுவது சுலபம். பாதை தேய்ந்தது உண்மை, அதைச் சீர்செய்யும் செலவு அந்தச் சிற்றூர்க்காரர்களின் வரிப்பணம் என்பதும் உண்மை. ஆனால் நடந்தது என்ன? காசு வாங்குவதில்லை என்ற கொள்கையை விட முடியாது என்று பார்க்ரன் அங்கே நின்றுபோனது. கட்டணமும் வரவில்லை, ஓடுபவர்களும் வரவில்லை. பிறகு இப்படிக் கட்டணம் கேட்பதைத் தடுக்கலாமா என்று நாட்டின் அரசே யோசிக்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது. மேலே உள்ள அரசு, கீழே உள்ள மன்றத்துக்குக் கொஞ்சம் பராமரிப்புப் பணத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

ஆட்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவர்கள் எப்படித் தங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதற்கு லண்டனின் சார்ல்டன் கால்பந்து கிளப்பின் கதையை ஒவ்வொரு மன்றக் கூட்டத்திலும் வாசிக்க வேண்டும். அவர்களுடைய மைதானத்தின் பெயர் த வேலி. 1985 செப்டம்பரில், பாதுகாப்புக் காரணத்தாலும் நிலத் தகராறாலும் இனி இங்கே ஆட்டம் இல்லை என்று ரசிகர்கள் கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கிளப் அடுத்தவர் மைதானத்தில் குடித்தனம் போனது. த வேலியில் செடி கொடி மண்டியது. கிளப் திரும்பி வரப்போகிறது என்று 1989-இல் செய்தி வந்ததும் ரசிகர்கள் கூட்டமாக வந்து அந்தக் காட்டைத் தங்கள் கையாலேயே வெட்டினார்கள். குப்பையை நடு மைதானத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். 1990 தொடக்கத்தில் கிரீன்விச் மன்றம் கட்டுமான அனுமதியை மறுத்துவிட்டது.

அதே ஆண்டு மே மாதம் மன்றத் தேர்தல். ரசிகர்கள் தங்கள் மைதானத்தின் பெயரிலேயே ஒரு கட்சி தொடங்கினார்கள். மன்றத்தில் 62 இடங்கள். மைதானத்துக்கு ஆதரவாக நின்ற இரண்டு உறுப்பினர்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற 60 இடங்களிலும் ஆள் நிறுத்தினார்கள். வாங்கிய வாக்குகள் 14,838. ஓரிடத்தில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் பத்து வாக்காளரில் ஒருவருக்கு மேல் ஒரு மைதானத்துக்காக மட்டுமே வாக்குப் போட்டிருக்கிறார் என்ற செய்தி மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1991-இல் அனுமதி கிடைத்தது. 1992 டிசம்பர் 5 அன்று போர்ட்ஸ்மவுத் அணிக்கு எதிராகச் சொந்த மண்ணில் ஆடி 1-0 என்று ஜெயித்தார்கள். கோல் போட்டவர் காலின் வால்ஷ்.

பெர்லினில் இதே கதை சண்டை இல்லாமல் நடந்தது. யூனியன் பெர்லின் கால்பந்து கிளப்பின் பழைய மைதானம் விதிமுறைக்குப் பொருந்தவில்லை, புதுப்பிக்கப் பணம் போதவில்லை. 2008-லும் 2009-லும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் முறை வைத்து வந்து சித்தாள் வேலை முதல் கம்பி வேலை வரை பார்த்தார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேர உழைப்பு. அதை யாரும் டெண்டர் விட்டு வாங்க முடியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் நேர்மையாக இருக்காது. பழைய ஆட்கள் எல்லோரும் தங்கமானவர்கள் இல்லை. பல மைதானங்களில் ஒரே டீம் நல்ல நேரத்தையும் நல்ல இடத்தையும் பல வருடமாகப் பிடித்துவைத்திருக்கும். சாவி ஒருவர் கையில் இருப்பது சில ஊர்களில் ஒரு சாதியின் கையில் இருப்பதாகவும் ஆகிவிடும். பெண்கள் வந்தால் முறைத்துப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த இடத்தில் உங்கள் அதிகாரம் தேவை, நீங்கள் உள்ளே வரத்தான் வேண்டும். வியன்னா மாநகரம் அப்படி உள்ளே வந்தது. 1990-களின் நடுவில் நடத்திய ஆய்வில், பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காக்களிலிருந்து காணாமல் போவதைக் கண்டார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ஒரே பெரிய ஆடுகளத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் மல்லுக்கு நிற்காமல் போய்விடுகிறார்கள், அவ்வளவே. 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள். ஒரே வாசல் இருந்த கூண்டு மைதானத்துக்குப் பல வாசல், ஒரே பெரிய களத்துக்குப் பதில் சில சின்னக் களங்கள், கூட்டமாக உட்கார இடம். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வேலியில் ஒரு வாசலைக் கூட்டுவதற்குப் பெரிய செலவில்லை. யார் வரவில்லை என்று முதலில் பார்த்ததால்தான் அந்த யோசனையே பிறந்தது.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதர்கள் முக்கியம் என்று சொல்வதால் பத்திரம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. பிரிட்டனில் ரெஜினால்ட் கென்டிஷ் என்ற ராணுவ அதிகாரி 1925-இல் விளையாட்டுத் திடல்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936-இல் இறந்தபோது, அவர் நினைவாகச் சிலையோடு நிறுத்திக்கொள்ளாமல் நாடு முழுவதும் 471 திடல்களை உருவாக்கினார்கள். வாசலில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பொறித்த பலகை, பின்னால் விளையாட்டுக்கு மட்டுமே என்று எழுதிய அறக்கட்டளைப் பத்திரம். பின்னால் வரும் மன்றம் பணமுடையில் கைவைக்க நினைத்தாலும் அந்தப் பத்திரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நீங்கள் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்குப் பிறகு வருபவர்களையும் நம்பச் சொல்கிறீர்களா?

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. அடுத்த மைதானத்துக்கு வரைபடம் போடும் முன் உங்கள் பொறியாளரை ஒரு வாரம் அங்கே உட்காரவையுங்கள். விடியற்காலை ஒரு நாள், உச்சி வெயிலில் ஒரு நாள், விளக்கு அணைந்த பிறகு ஒரு நாள். யார் யார் எப்போது வருகிறார்கள், எந்த வாசல் வழியாக வருகிறார்கள், யார் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதட்டும். வேலை நடக்கும்போது மைதானத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியாவது திறந்திருக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முடியவே முடியாது என்றால் நடந்து போகும் தூரத்தில் மாற்று இடம் கொடுத்த பிறகு பூட்டுங்கள். முன்பதிவு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் மாலையில் சில மணி நேரமாவது யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே வரக்கூடியதாக இருக்கட்டும். கிரவுண்ட்ஸ்மேனை ஒப்பந்ததாரரின் ஆளாக இல்லாமல் மைதானத்தின் ஆளாக வையுங்கள். அவருக்குச் சம்பளமும் கூடவே ஒரு உதவியாளரும் கொடுங்கள். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் கற்றுக்கொள்ள அதுதான் வழி. காசு வாங்காமல் பயிற்சி கொடுப்பவருக்குச் சாவியை முறைப்படி கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போகும் நிலையில் அவரை வைக்காதீர்கள். இவர்களையும், இதுவரை வராமலே இருப்பவர்களின் சார்பாகச் சிலரையும், குறிப்பாகப் பெண்களையும், மைதானக் குழுவில் வாக்குரிமையோடு உட்காரவையுங்கள். அழைப்பிதழில் பெயர் போட்டு முன்வரிசையில் உட்காரவைப்பது இந்தக் கணக்கில் சேராது.

இதில் எதைச் செய்யப்போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது என்று முடிவெடுத்ததும் எனக்குப் பதில் எழுத வேண்டாம். மைதான கேட்டில் ஒட்டிவிடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். கேள்வி இருந்தால் அங்கே வருபவர்களே உங்களிடம் நேரில் வந்து கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மைதானத்துக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்